ஆர்.என்.ஏ. ஹெலிகேஸ்: பெயரும் பணியும் – ஒரு கலைச்சொல் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆர்.என்.ஏ. ஹெலிகேஸ் என்னும் புரதக் குடும்பம் ஈரிழைச் சுருளைப் பிரிக்கும் வினையால் பெயர் பெற்றது. ஆயினும் அக்குடும்பத்தைச் சேர்ந்த பல புரதங்கள் செல்லுக்குள் ஆற்றும் தலைமைப் பணி சுருள் பிரித்தல் அன்று. சில ஆர்.என்.ஏ. இழையைப் பற்றி நிற்கின்றன. சில இழைமீதுள்ள பிற புரதங்களை அகற்றுகின்றன. சில நச்சுயிரியின் வரவை உணர்கின்றன. பெயருக்கும் பணிக்கும் உள்ள இவ்விடைவெளி தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் எவ்வாறு கையாளப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பட்டாணிச் செடியிலிருந்து பெறப்பட்ட ஹெலிகேஸ் 45 பற்றிய இந்திய ஆய்வு சான்றாகக் கொள்ளப்படுகிறது. நன்னூலார் வகுத்த இடுகுறி, காரணம் என்னும் பெயர்ப் பாகுபாடு திறனாய்வுக் கருவியாகப் பயன்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆர்.என்.ஏ. ஹெலிகேஸ், கலைச்சொல்லாக்கம், காரணப்பெயர், இடுகுறிப்பெயர், பட்டாணி ஹெலிகேஸ் 45, அறிவியல் தமிழ்.

முன்னுரை

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மேக்கரை அடவிநயினார் அணைக்குக் கிழக்கே அமைந்த ஊர் அச்சன்புதூர். காரும் பிசானமும் எனப் பருவம் பகுத்து நெல் விளைவிக்கும் நிலப்பகுதி அது. இத்தகைய ஊரிலிருந்து தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வி முடித்துக் கல்லூரியில் உயிர்வேதியியலோ தாவரவியலோ பயிலச் செல்லும் மாணவர், மூலக்கூற்று உயிரியலின் சொற்களை இருமுறை கற்கிறார். பள்ளியில் தமிழில் ஒருமுறை, கல்லூரியில் ஆங்கிலத்தில் மறுமுறை. முதற்கல்வியில் சொல்லோடு சேர்த்துப் பதிந்த பொருளே பின்னர் அவர் படிக்கும் ஒவ்வோர் ஆய்வுரையையும் புரிந்துகொள்ளும் வழியாக அமைகிறது. அப்பொருள் பிழையாக அமைந்தால், பிழை ஒரு தேர்வுத்தாளோடு முடிவதில்லை. தம் ஊர் வயலுக்கு ஏற்ற விதை எது என்று உரைக்கப்படும் செய்தியை மதிப்பிடும் ஆற்றல்வரை அது தொடர்கிறது.

கலைச்சொல் பற்றிய தமிழ் விவாதங்கள் பெரும்பாலும் ஒலிபெயர்ப்பா, பொருள்பெயர்ப்பா என்னும் ஒரே வினாவைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. சேலத்தில் 1916இல் இராசாசி முதலியோர் அறிவியற் சொல்லாக்கத்துக்கென இதழ் நடத்திய காலந்தொட்டு, சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் 1938ஆம் ஆண்டுக் கலைச்சொற்கள் தொகுதி வழியாக, இன்றுவரை அவ்வினா உயிருடன் இருக்கிறது. அதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு. பெயர்க்கப்படும் மூலச்சொல் தான் சுட்டும் பொருளை உண்மையாக விளக்குகிறதா என்பதே அது. ஆர்.என்.ஏ. ஹெலிகேஸ் என்னும் சொல் இவ்வினாவை எழுப்புவதற்குத் தகுந்த களமாகும்.

1. பெயரின் தோற்றம்

1976இல் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து, டி.என்.ஏ.யின் இரு இழைகளைப் பிரிக்கும் நொதி ஒன்று இனங்காணப்பட்டது. தொடக்கத்தில் அது ‘டி.என்.ஏ. அவிழ்க்கும் நொதி’ என்னும் விளக்கப் பெயராலேயே சுட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ‘ஹெலிக்ஸ்’ என்னும் சுருளையும், நொதிகளுக்குரிய ‘ஏஸ்’ என்னும் ஈற்றையும் இணைத்து ஹெலிகேஸ் என்னும் சொல் வழக்குக்கு வந்தது. ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூற்றைச் சிதைத்துப் பெறும் ஆற்றலால் இழை நெடுக நகர்ந்து, சுருளைத் தொடர்ச்சியாகப் பிரித்துச் செல்லும் நொதி என்பது அதன் பொருள். டி.என்.ஏ. இரட்டிப்பாதலில் ஈடுபடும் நொதிகளைப் பொறுத்தவரை இப்பெயர் பொருந்துகிறது. அங்கே நீண்ட ஈரிழைச் சுருள் உள்ளது; அது முழுவதும் பிரிந்தாக வேண்டும்.

ஆர்.என்.ஏ.யின் நிலை வேறு. செல்லில் அது பெரும்பாலும் ஒற்றையிழையாகவே உள்ளது. அவ்விழை தன்மீதே மடிந்து ஆங்காங்கே குறுகிய ஈரிழைப் பகுதிகளை உண்டாக்குகிறது. மேலும், அது புரதங்களால் சூழப்பட்டே இயங்குகிறது. ஆகவே ஆர்.என்.ஏ.யின்மீது பணியாற்றும் புரதத்துக்கு நெடுஞ்சுருளைப் பிரிக்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. பெயர் ஒரு களத்தில் பிறந்து, வேறொரு களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது.

2. குடும்ப ஒற்றுமையால் விரிந்த பெயர்

பெயர் பரவியதற்குக் காரணம் வினை ஒற்றுமை அன்று, அமைப்பு ஒற்றுமையே. 1989இல், பல உயிரிகளின் புரதங்கள் சில பொதுவான அமினோ அமிலத் தொடர்களைக் கொண்டிருப்பது சுட்டிக்காட்டப்பட்டது. அவற்றுள் ஒன்று ஆஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், அலனின், ஆஸ்பார்டிக் அமிலம் என்னும் நான்கின் வரிசை. இவற்றின் ஓரெழுத்துக் குறிகள் டி, இ, ஏ, டி ஆதலால் அக்குடும்பம் ‘டெட்’ பெட்டிக் குடும்பம் எனப் பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் இது சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒலியொத்து அமைந்த ஒரு சொல் விளையாட்டு. அதனைப் பொருள்நோக்கிப் பெயர்த்து ‘இறந்த பெட்டி’ என்று எழுதினால் தமிழ் மாணவருக்கு எஞ்சுவது குழப்பமே. எழுத்துக் குறிகளால் அமைந்த பெயரை எழுத்துக் குறிகளாகவே கொள்ள வேண்டும்.

மனிதரில் இக்குடும்பப் புரதங்கள் ஏறத்தாழ 37 உள்ளன. அரபிடாப்சிஸ் என்னும் ஆய்வுத் தாவரத்தில் 50க்கும் மேற்பட்டவை உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை ஹெலிகேஸ் என்று அழைக்கப்படுவதற்குக் காரணம், அவை சுருள் பிரிப்பது நேரில் கண்டறியப்பட்டமை அன்று. அமினோ அமில வரிசை, முன்னரே அறியப்பட்ட ஹெலிகேஸ்களின் வரிசையை ஒத்திருந்தமையே காரணம். முகச்சாயலைக் கொண்டு தொழிலை ஊகிப்பதற்கு இது நிகராகும். ஊகம் பல இடங்களில் பயன் தந்துள்ளது என்பதை மறுக்க இயலாது. எனினும் ஊகத்தை முடிவாகக் கொண்டு பாடம் சொல்வது வேறு.

3. செல்லுக்குள் நிகழும் பணிகள்

இக்குடும்பத்தின் முன்மாதிரி எனக் கருதப்படுவது இஐஎஃப்4ஏ என்னும் புரதம். தூது ஆர்.என்.ஏ.யிலிருந்து புரதம் உருவாகும் நிகழ்வு, அதாவது தமிழில் மொழிபெயர்த்தல் எனப்படுவது, தொடங்கும் இடத்தில் இது செயற்படுகிறது. தூது ஆர்.என்.ஏ.யின் முன்பகுதியில் உள்ள மடிப்புகளைத் தளர்த்தி, ரைபோசோமின் சிறு அலகு வந்தமர இடம் தருகிறது. இங்கே ‘பிரித்தல்’ உண்மையாகவே நிகழ்கிறது. ஆயினும் அதன் முறை வேறு. டெட் பெட்டிப் புரதங்கள் இழை நெடுக நகர்ந்து செல்வதில்லை. ஈரிழைப் பகுதியின்மீது நேரடியாக அமர்ந்து, ஓரிழையை வளைத்து, அவ்விடத்தை மட்டும் நெகிழச் செய்கின்றன. நீண்ட ஈரிழைகளை இவற்றால் திறம்படப் பிரிக்க இயலாது. ஏ.டி.பி. பிணைவதே இழை பிரிவதற்குப் போதுமானது என்றும், ஏ.டி.பி. சிதைவது புரதம் மீண்டும் விடுபடுவதற்கே முதன்மையாகத் தேவை என்றும் 2008இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ‘ஆற்றலைச் செலவிட்டுச் சுருளை அவிழ்க்கும் எந்திரம்’ என்னும் வழக்கமான உவமை இங்கே தளர்கிறது.

இதற்கு மிக நெருங்கிய உறவான இஐஎஃப்4ஏ3 முற்றிலும் வேறான பணியைச் செய்கிறது. முன்தூது ஆர்.என்.ஏ.யிலிருந்து இன்ட்ரான்கள் நீக்கப்பட்டு எக்ஸான்கள் இணைக்கப்பட்ட பின், இணைப்பிடத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 24 நியூக்ளியோடைடுகள் முன்னால் ஒரு புரதத் தொகுதி அமர்கிறது. அத்தொகுதியின் மையம் இப்புரதமே. துணைப் புரதங்கள் இதன் ஏ.டி.பி. சிதைக்கும் செயலைத் தடுத்து நிறுத்த, இது இழையைப் பற்றியவாறே நிலைத்து நிற்கிறது. இவ்விடத்தில் இணைப்பு நிகழ்ந்தது என்பதற்கு அடையாளமாக உட்கருவிலிருந்து சைட்டோபிளாசம்வரை தூது ஆர்.என்.ஏ.யுடன் செல்கிறது. அவிழ்ப்பதற்கென்று பெயர் பெற்ற புரதம் இறுகப் பற்றுவதையே தொழிலாகக் கொண்டுள்ளது. பெயர் உரைப்பதற்கு நேரெதிரான பணி இது.

உட்கருத் துளையின் வெளிப்புறத்தில் டிபிபி5 என்னும் புரதம் நிற்கிறது. வெளிவரும் தூது ஆர்.என்.ஏ.யிலிருந்து கடத்தும் புரதங்களை அகற்றி, அது மீண்டும் உட்கருவுக்குள் திரும்பாதவாறு செய்கிறது. இழையின்மீதுள்ள புரதத்தை அகற்றுதலே இங்குப் பணி. ஈரிழை எதுவும் இல்லாத ஆர்.என்.ஏ.யிலிருந்தும் இக்குடும்பப் புரதங்கள் பிற புரதங்களை அகற்ற வல்லவை என்பது 2004இல் மெய்ப்பிக்கப்பட்டது. சில ஹெலிகேஸ்கள், குறிப்பாக ஈஸ்ட்டின் டெட்1, இழைகளைப் பிரிப்பதோடு அவற்றை ஒன்றிணைக்கவும் செய்கின்றன. பிரித்தலும் சேர்த்தலும் ஒரே கையின் இரு வினைகளாக அமைகின்றன.

இன்ட்ரான் நீக்கும் ஸ்பிளைசியோசோமில் எட்டு ஹெலிகேஸ்கள் வெவ்வேறு படிநிலைகளில் பங்கேற்கின்றன. அவற்றுள் பிஆர்பி16 போன்றவை பிழையான இணைப்பை இனங்கண்டு விலக்கும் மெய்ப்புத் திருத்துநராகவும் விளங்குகின்றன. ரிக்-ஐ என்னும் மற்றொரு புரதம் டெட் பெட்டிக் குடும்பத்துக்கு வெளியே இருப்பினும் ஹெலிகேஸ் அமைப்பைக் கொண்டது. நச்சுயிரியின் ஈரிழை ஆர்.என்.ஏ.யை உணர்ந்து நோயெதிர்ப்பைத் தூண்டுவது அதன் பணி. அங்கே ஈரிழை என்பது பிரிக்க வேண்டிய பொருளன்று. பகைவரின் வரவை அறிவிக்கும் அடையாளம். 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, சவ்வு இல்லாத துளி வடிவச் செல் உறுப்புகள் தோன்றுவதையும் கரைவதையும் டெட் பெட்டிப் புரதங்கள் நெறிப்படுத்துவதைக் காட்டியது.

இப்பணிகளைத் தொகுத்து நோக்கினால், அவற்றை ஒன்றிணைப்பது சுருள் அன்று. ஏ.டி.பி.யின் துணையால் ஆர்.என்.ஏ.யைப் பற்றுவதும் விடுவதுமாகிய ஒரு சுழற்சியே இவை அனைத்துக்கும் பொது. பற்றும் இடத்தையும் விடும் காலத்தையும் துணைப் புரதங்கள் முடிவு செய்கின்றன. அம்முடிவுக்கு ஏற்ப அவிழ்த்தல், அகற்றல், நிலைநிறுத்தல், உணர்தல் என்று விளைவு மாறுகிறது.

4. பட்டாணி ஹெலிகேஸ் 45: பெயர் காட்டும் வழியும் மறைக்கும் வழியும்

இப்பெயர்ச் சிக்கல் வேளாண்மையைத் தொடும் இடத்துக்குத் தக்க சான்று இந்தியாவிலேயே உண்டு. புதுதில்லியிலுள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல், உயிர்த்தொழில்நுட்ப மையத்தின் ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, 2000இல் அதன் இயல்புகளை வெளியிட்டனர். மூலக்கூறு நிறையைக் கொண்டு அது பட்டாணி டி.என்.ஏ. ஹெலிகேஸ் 45 எனப்பட்டது. டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்கும் சோதனை வழியாக அறியப்பட்டமையால் டி.என்.ஏ. ஹெலிகேஸ் என்னும் அடைமொழி அமைந்தது. ஆனால் அதன் அமினோ அமில வரிசையோ, மேலே கண்ட இஐஎஃப்4ஏ என்னும் ஆர்.என்.ஏ. சார்ந்த புரதத்தை ஒத்திருந்தது. சோதனை ஒரு பெயரைச் சொல்ல, சாயல் வேறொரு பணியைச் சுட்டியது.

2005இல் அதே மையத்தின் ஆய்வாளர்கள், இம்மரபணுவை மிகுதியாக வெளிப்படுத்தும் புகையிலைச் செடிகள் மிகை உவர்ப்பைத் தாங்கி வளர்ந்தன என்றும், விளைச்சல் பாதிக்கப்படவில்லை என்றும் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழக நடவடிக்கை இதழில் அறிவித்தனர். பின்னர் நெல்லிலும் நிலக்கடலையிலும் இம்மரபணு சோதிக்கப்பட்டது. நெல்லில் உவர்ப்புத் தாங்குதலும், நிலக்கடலையில் வறட்சியின்போது மேம்பட்ட செயல்திறனும் கூறப்பட்டன. அழுத்தத்துக்கு எதிர்வினை புரியும் மரபணுக்களை மட்டுமே நாடிய காலத்தில், அடிப்படைப் பணி செய்யும் ஒரு புரதத்தையும் கருத வேண்டும் என்று காட்டியது இவ்வாய்வின் சிறப்பு.

திறனாய்வு தொடங்க வேண்டிய இடம் இதன் பின்னரே உள்ளது. முதலாவது, ஒரு மரபணுவை மிகுதியாக வெளிப்படுத்தும்போது கிடைக்கும் விளைவு, அம்மரபணு இயல்பான அளவில் செய்யும் பணியை நேரடியாகக் காட்டுவதில்லை. மிகுதியான புரதம் பிற புரதங்களோடு புதிய உறவுகளை உண்டாக்கக்கூடும். இரண்டாவது, செயல்முறை பற்றி 2005ஆம் ஆண்டு ஆய்வுரையே இரு வாய்ப்புகளை முன்வைத்தது. புரத உற்பத்தியை மொழிபெயர்த்தல் நிலையில் வலுப்படுத்துவது ஒன்று, டி.என்.ஏ.யோடு பிணைந்த புரதத் தொகுதிகளில் சேர்ந்து மரபணு வெளிப்பாட்டை மாற்றுவது மற்றொன்று. ஆய்வாளர்கள் எச்சரிக்கையுடன் திறந்து வைத்த இவ்வினாவை, ‘சுருள்பிரிக்கும் நொதி உப்பின் தீமையை அவிழ்க்கிறது’ என்று எளிமைப்படுத்தும் விளக்கம் மூடிவிடுகிறது. பெயரே விளக்கமாகிவிடும் தீங்கு இதுவே.

மூன்றாவது, ஹெலிகேஸ் மிகுதல் எல்லாச் சூழலிலும் நன்மை தரும் என்பதற்கு அடிப்படையில்லை. அரபிடாப்சிஸில் லாஸ்4 என்னும் டெட் பெட்டிப் புரதம் தூது ஆர்.என்.ஏ.யை உட்கருவிலிருந்து வெளியேற்றுவதில் பங்கேற்கிறது. அதன் மரபணுவில் ஒரு திரிபு தாவரத்தைக் குளிருக்கு நலிவுடையதாக்கியது; மற்றொரு திரிபு குளிரைத் தாங்கச் செய்து, வெப்பத்துக்கு நலிவுடையதாக்கியது. நெல்லில் 2016இல் விவரிக்கப்பட்ட டோகர்1 என்னும் ஹெலிகேஸ், வெப்பம் மிகும்போது ரைபோசோம் ஆர்.என்.ஏ. சீராக உருவாகத் துணைநின்று வளர்ச்சியைக் காக்கிறது. இவை மூன்றும் ‘ஹெலிகேஸ் அழுத்தத்தைத் தாங்கும்’ என்னும் ஒரே தொடரில் அடங்குபவை அல்ல. எந்த ஹெலிகேஸ், எந்த ஆர்.என்.ஏ.யின்மீது, எந்தத் துணைப் புரதத்தோடு, எந்த அழுத்தத்தின்போது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை இருந்தால்தான் அத்தொடர் பொருள் பெறும்.

அச்சன்புதூர் வயலை முன்னிறுத்தி நோக்கினால் இவ்வேறுபாட்டின் பயன் தெளிவாகும். மலையடிவார நன்செயில் பிசான நெல்லுக்கு நேரும் இடர், பருவக் கடைசியில் தண்ணீர் குறைவது. உவர்நிலம் கடற்கரை மாவட்டங்களின் இடர். உவர்ப்பில் சோதிக்கப்பட்ட ஒரு மரபணுவை வறட்சிக்கும் வெப்பத்துக்கும் பொதுவான மருந்தாகக் கொள்வதற்குச் சான்று வேண்டும். குடும்பப் பெயர் சான்றாகாது. இந்தியாவில் மரபணு மாற்றிய நெல் வகை எதுவும் வணிகச் சாகுபடிக்கு இசைவு பெறவில்லை. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மரபணுத் திருத்த நெல் வகைகள் இரண்டும் வேறு மரபணுக்களில் செய்யப்பட்ட திருத்தங்களால் அமைந்தவை. ஹெலிகேஸால் அமைந்தவை அல்ல. இவ்வகைகளை ஒன்றோடொன்று குழப்பாமல் பிரித்தறியும் திறன், வகுப்பறையில் சொல் கற்பிக்கப்படும் முறையிலிருந்தே தொடங்குகிறது.

5. இடுகுறியும் காரணமும்

நன்னூல் பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தது. காரணம் கருதாது வழங்குவது இடுகுறி. காரணம் பற்றி வழங்குவது காரணப்பெயர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகக் காரண இடுகுறி என்பதும் கூறப்படும். ‘கறுப்பன்’ என்பது கரிய நிறமுடையவனைச் சுட்டும்போது காரணப்பெயர். நிறம் கருதாமல் ஒருவனுக்கு இட்டு வழங்கும்போது இடுகுறி.

1976இல் கண்ட நொதியைக் குறிக்கையில் ஹெலிகேஸ் காரணப்பெயர். இஐஎஃப்4ஏ3 என்னும் பற்றும் புரதத்தைக் குறிக்கையில் அது இடுகுறி. ஆகவே ஹெலிகேஸ் என்னும் சொல் இன்று காரண இடுகுறியாகவே வழங்குகிறது. இதனை ‘சுருள்பிரி நொதி’ என்று பொருள்பெயர்த்தால் என்ன நேர்கிறது? மூலமொழியில் இடுகுறித் தன்மை அடைந்துவிட்ட சொல், தமிழில் மீண்டும் முழுக் காரணப்பெயராகிறது. ஆங்கிலம் பயில்வோருக்கு மங்கிவிட்ட காரணம் தமிழ் மாணவரின் கண்முன் ஒளியோடு நிற்கிறது. மூலத்தைக் காட்டிலும் பெயர்ப்பு மிகுதியாகப் பிழைபடும் அரிய நிலை இது.

பெயர் பொருளை விளக்க வேண்டியதில்லை. அணு என்பது பகுக்கவியலாதது என்னும் கருத்தோடு வழங்கியும், அணுப்பிளவு தடையின்றி விளக்கப்படுகிறது என்று எதிர்வாதம் கூறலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் ஆக்சிஜன் என்னும் சொல் தரும் படிப்பினை வேறு. அமிலத்தைத் தோற்றுவிப்பது என்னும் பிழையான கருத்தில் லவாய்சியே இட்ட பெயர் அது. செருமானியம் அதனைப் பொருள்பெயர்த்துப் புளிப்புப் பொருள் என்று ஆக்கியதால் அப்பிழையைச் சொல்லுக்குள்ளேயே சுமக்கிறது. தமிழ் ஆக்சிஜன் என்றும், ஈழத்தில் ஒட்சிசன் என்றும் ஒலிபெயர்த்தது. பொருள் வேண்டிய இடத்தில் மூலத்தைப் பின்பற்றாமல், தானே கண்ட காரணத்தால் உயிர்வளி என்று பெயரிட்டது. இரு வழிகளும் பிழையிலிருந்து தப்பின. பிழையான காரணத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதே தப்ப வழியற்றது.

இவ்வடிப்படையில் ஒரு நெறி பெறப்படுகிறது. குடும்பத்தைச் சுட்டுமிடத்து ஹெலிகேஸ் என்னும் ஒலிபெயர்ப்பே தகும். அது இடுகுறியாக நின்று எந்தப் பணியையும் முன்கூட்டிச் சொல்லாது. தனிப் புரதத்தின் பணியைச் சுட்டுமிடத்து வினைவழிப் பெயர் தகும். இஐஎஃப்4ஏ மடிப்பு தளர்த்தும் ஹெலிகேஸ். இஐஎஃப்4ஏ3 பற்றுநிலை ஹெலிகேஸ். டிபிபி5 புரதம் அகற்றும் ஹெலிகேஸ். ரிக்-ஐ உணர்வி ஹெலிகேஸ். பணி இன்னும் உறுதிப்படாத புரதத்துக்கு அடைமொழி சேர்க்காமல் குடும்பப் பெயரோடு நிறுத்துவதே நேர்மை. அவிழ், தளர்த்து, பற்று, அகற்று, இணை, உணர் எனத் தமிழில் இதற்கு வேண்டிய வினைகள் குறைவின்றி உள்ளன. சொற்பற்றாக்குறை இங்குச் சிக்கல் அன்று. ஒரே சொல்லால் எல்லாவற்றையும் முடிக்க விழையும் விரைவே சிக்கல்.

இந்நெறிக்கும் ஒரு குறை உண்டு. ஒரே புரதம் பல பணிகள் செய்யுமிடத்து அடைமொழிகள் பெருகும். மனிதரின் டிடிஎக்ஸ்3எக்ஸ் அத்தகையது; மொழிபெயர்த்தல் தொடக்கம், நோயெதிர்ப்பு, எச்.ஐ.வி. ஆர்.என்.ஏ.யின் வெளியேற்றம் எனப் பல நிகழ்வுகளில் அதன் பங்கு கூறப்படுகிறது. அவ்விடத்தில் அடைமொழியைத் தவிர்த்துக் குடும்பப் பெயரை வழங்கி, பணியைத் தொடராக விளக்குவதே ஏற்றது. கலைச்சொல் விளக்கத்துக்கு மாற்றாக இயலாது என்பதைப் பாடநூலாசிரியர் ஏற்க வேண்டும்.

முடிவுரை

ஆர்.என்.ஏ. ஹெலிகேஸ் என்பது ஒரு நொதியின் பெயராகத் தோன்றி, ஒரு சாயலின் பெயராக மாறிய சொல். அதன் பணிகளைச் சுருள் பிரித்தல் என்னும் ஒரே வினைக்குள் அடக்குவது உயிரியலுக்கும் பொருந்தாது, தமிழுக்கும் தேவையில்லை. பட்டாணி ஹெலிகேஸ் 45 பற்றிய ஆய்வு, இப்பெயர்ச் சிக்கல் ஆய்வகத்திலிருந்து வயல்வரை நீள்வதைக் காட்டுகிறது. குடும்பத்துக்கு ஒலிபெயர்ப்பும், அறியப்பட்ட பணிக்கு வினைவழி அடைமொழியும், அறியப்படாத பணிக்கு அடைமொழியின்மையும் என்னும் மூவகை நெறி தமிழ்வழிப் பாடநூல்களிலும் ஆய்வுரைகளிலும் கடைப்பிடிக்கத் தக்கது. அந்நெறியில் பயின்ற மாணவர், புதிய விதை பற்றிய செய்தி தம் ஊருக்கு வரும்போது மரபணுவின் பெயரோடு நில்லாமல், அது எந்த இழையைப் பற்றுகிறது, எதற்காகப் பற்றுகிறது என்று வினவுவார். அறிவியல் தமிழ் ஆக்கித்தர வேண்டுவது அவ்வினாவையே.